உங்கள் பழைய படத்தில் ஒரு புது நெபுலா இருக்கலாம்

ஆண்ட்ரோமெடா பேரடையைப் படமெடுக்காத வானப் புகைப்படக்காரரைப் பார்ப்பது கஷ்டம். நேற்றுத்தான் தன் முதல் டெலஸ்கோப்பை வாங்கியவரும் அதைத்தான் எடுப்பார், மொட்டைமாடியில் தனி அறையே கட்டி வைத்திருப்பவரும் அதைத்தான் எடுப்பார். நூறு வருஷத்துக்கும் மேலாகப் பெரிய ஆய்வகங்கள் எல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்த இடம் அது. அந்தப் பேரடைக்குப் பக்கத்திலேயே, மூன்று முழுநிலாவை வரிசையாக வைத்த நீளத்துக்கு ஒரு மங்கலான வளைவு கிடக்கிறது என்பது 2022 வரைக்கும் யாருக்கும் தெரியாது.

கண்டுபிடித்தவர்கள் மூன்று பேர். பிரான்சைச் சேர்ந்த யான் செய்ன்டி, சேவியர் ஸ்ட்ராட்னர், ஜெர்மனியைச் சேர்ந்த மார்செல் ட்ரெக்ஸ்லர். மூவருமே பொழுதுபோக்காக இதில் இறங்கியவர்கள். செய்ன்டி பயன்படுத்தியது 106 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட ஒரு டெலஸ்கோப். தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். கூடவே ஒரு ஓ-த்ரீ ஃபில்டர் (ஒரு குறிப்பிட்ட பச்சை ஒளியை மட்டும் விடுவது, விளக்கம் கீழே), நிறையப் பொறுமை. 2023 ஜனவரியில் ஆய்வுக் குறிப்பு வெளியானபோது அந்த வளைவுக்கு அவர்கள் மூவரின் பெயரும் வைக்கப்பட்டது.

அது என்ன என்ற கேள்விக்கு உடனே பதில் கிடைக்கவில்லை. ஆண்ட்ரோமெடாவுக்குச் சொந்தமானதா, நம் பால்வீதிக்குள்ளேயே முன்னால் கிடக்கிறதா என்று வாதம் நடந்தது. 2025-ல் பேட்ரிக் ஓகிளும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு விளக்கம் தந்தார்கள். சுமார் 2,000 ஒளியாண்டு தொலைவில் ஈஜி ஆண்ட்ரோமெடே என்று ஒரு இரட்டை நட்சத்திரம் இருக்கிறது. ஒன்று செம்பெருமீன், மற்றது வெண்குள்ளன். அந்த வெண்குள்ளன் எப்போதோ உதறிய வாயு, ஏறக்குறைய மறைந்தே போன ஒரு பழைய கோள் நெபுலா, விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயுவில் மோதும் முகப்புதான் நமக்கு வளைவாகத் தெரிகிறது என்பது அவர்கள் வாதம்.

இதைப் படித்தபிறகு என் பழைய படங்களையெல்லாம் மறுபடி திறந்து பார்க்க ஆரம்பித்தேன். என்னைப் போலப் பலர் செய்திருப்பார்கள். அப்படித் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்று நான் படித்தும் பழகியும் தெரிந்துகொண்டதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன். மையமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படத்தில் ஒரு வட்டம் தெரிவது கண்டுபிடிப்பு ஆகாது. அது நெபுலா இல்லை என்று நிரூபிக்கப் படாதபாடு பட்டு, கடைசிவரை முடியாமல் போவதுதான் கண்டுபிடிப்பு.

முதலில் கொஞ்சம் பாடம்

சூரியனின் எடையில் ஏறக்குறைய ஒன்றிலிருந்து எட்டு மடங்கு வரை உள்ள நட்சத்திரங்கள் கடைசிக் காலத்தில் ஊதிப் பெருத்துச் செம்பெருமீனாகி, தங்கள் வெளி அடுக்குகளை விண்வெளியில் கொட்டிவிடும். நடுவில் மிஞ்சுவது கொதிக்கும் உள்ளகம் மட்டும். அதன் மேற்பரப்பு வெப்பம் 30,000 டிகிரியைத் தாண்டும். லட்சம் டிகிரிக்கு மேல் போவதும் உண்டு. அதிலிருந்து பாயும் புற ஊதாக் கதிர், ஏற்கெனவே கொட்டிய வாயுவை அயனியாக்கி ஒளிரவைக்கும். இதுதான் கோள் நெபுலா. முதலில் பதிவானது 1764-ல், சார்ல்ஸ் மெஸ்ஸியே பார்த்த எம் 27.

வாயு நொடிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் விரிந்துகொண்டே போகும். பத்து, இருபதாயிரம் வருஷத்தில் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். ஆயிரம் கோடி வருஷம் வாழ்கிற ஒரு நட்சத்திரத்துக்கு இது கண்ணிமைக்கும் நேரம். எந்தக் காலத்தில் எண்ணிப் பார்த்தாலும் இவை குறைவாகவே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நமக்கு உதவும் ரகசியம் 1864 ஆகஸ்ட் 29 அன்று வெளிப்பட்டது. லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர் டிராகோ விண்மீன் தொகுதியில் உள்ள பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியில் பார்த்தார். நட்சத்திரத்தைப் போல வானவில் நிறங்கள் வரும் என்று எதிர்பார்த்தவருக்குத் தெரிந்தது சில பிரகாசமான கோடுகள் மட்டும். பச்சையில் இருந்த கோடு எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்துகொண்டார்கள். 1927-ல்தான் ஐரா போவன் அந்த முடிச்சை அவிழ்த்தார். அது சாதாரண ஆக்சிஜன். இரண்டு எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன், பூமியில் சாதாரணமாக உண்டாக்கும் வெற்றிடங்களைவிட மெல்லிய வாயுவில் இருக்கும்போது, 500.7, 495.9 நானோமீட்டரில் ஒளி விடும். நாம் ஓ-த்ரீ என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

கோள் நெபுலாக்களில் பெரும்பாலானவை தங்கள் ஒளியில் பெரும்பங்கை இந்த ஒற்றை நிறத்தில்தான் கொட்டுகின்றன. அந்த நிறத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் தடுக்கும் மூன்று நானோமீட்டர் ஃபில்டர் ஒன்று கையில் இருந்தால், ஊர் வெளிச்சத்தில் மூழ்கிக் கிடந்த நெபுலா மேலே வரும். தவில் ஓய்ந்த பிறகு தம்புரா காதில் விழுகிற மாதிரி.

இத்தனை நாளாக ஏன் யாரும் பார்க்கவில்லை?

ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் குவென்டின் பார்க்கர் குழு நடத்தும் ஹாஷ் என்ற தரவுத்தளம்தான் இன்று பால்வீதிக் கோள் நெபுலாக்களின் தலைமைப் பதிவேடு. 2016-ல் அது வெளியானபோது, சந்தேகத்துக்கு இடமானவற்றையும் சேர்த்துச் சுமார் 3,500 இருந்தன. ஆனால் நட்சத்திரங்களின் எண்ணிக்கையையும் ஆயுளையும் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் சொல்லும் எண்ணிக்கை சுமார் ஏழாயிரத்தில் ஆரம்பித்து 46,000 வரை போகிறது. குறைந்த கணக்கை எடுத்தால்கூடப் பாதி இன்னும் பதிவாகவில்லை.

ஒளிந்திருப்பவை மூன்று ரகம். ஒன்று, பால்வீதித் தளத்தின் தூசுக்குப் பின்னால் இருப்பவை. இவை அகச்சிவப்புக்கும் ரேடியோவுக்கும் தான் பிடிபடும். இரண்டு, தொலைவில் நட்சத்திரப் புள்ளி போலவே தெரிபவை. மூன்று, வயதாகி, பெரிதாக விரிந்து, மிக மங்கலாகிப் போனவை. நமக்கு வாய்ப்பு இந்த மூன்றாவது ரகத்தில்தான் அதிகம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய டெலஸ்கோப்புகள் சின்னத் துண்டு வானத்தைத்தான் பார்க்கும். அவற்றில் நேரம் கேட்டு வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். “இந்த இடத்தில் ஏதாவது இருக்கலாம், நாற்பது மணி நேரம் கொடுங்கள்” என்று கேட்டால் எந்தக் குழுவும் தராது. நமக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரே இடத்தை ஒரு மாதம் முழுக்க எடுக்கலாம். இன்னொன்று, வானம் முழுவதையும் அலசிய தொழில்முறை ஆய்வுகள் பெரும்பாலும் ஹைட்ரஜன் ஆல்ஃபா என்ற சிவப்பு நிறத்தில்தான் நடந்தன. ஓ-த்ரீயில் அப்படி ஆழமாக யாரும் அலசவில்லை. ஆண்ட்ரோமெடா வளைவு தப்பித்ததற்கும் அதுவே காரணம். அது ஓ-த்ரீயில் மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது.

இரண்டு வழிகள்

முதல் வழி, சொந்தப் படம். டேவ் ஜுராசெவிச் 2008 ஜூலை 6 அன்று அமெரிக்காவில், சிக்னஸ் தொகுதியில் பிறை நெபுலாவின் பக்கத்தை 160 மி.மீ. டெலஸ்கோப்பில் எடுத்த படத்தில் கச்சிதமான ஒரு மெல்லிய வட்டத்தைக் கவனித்தார். இன்று சோப்புக்குமிழி நெபுலா என்று பெயர். முந்தைய வருஷம் 2007 ஜூனில் அவர் எடுத்த படத்திலும் அது இருந்தது. கெய்த் குவாட்ரோக்கி, மெல் ஹெல்ம் என்ற இருவர் 2008 ஜூலை 17 அன்று தனியாக அதைப் பிடித்தார்கள். அந்தப் பகுதி உலகம் முழுக்கப் பலர் எடுத்துக் குவிக்கிற பகுதி. எத்தனையோ பேரின் ஹார்ட் டிஸ்க்கில் அந்த வட்டம் அதற்கு முன்பே தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

இரண்டாவது வழிக்கு டெலஸ்கோப்பே வேண்டாம். பொதுவில் கிடைக்கும் வான ஆய்வுப் படங்களை உட்கார்ந்து சலிப்பது. பாலோமர் ஆய்வகத்தின் கண்ணாடித் தகடுகளில் 1950-களில் ஜார்ஜ் ஏபல் செய்தது இதுதான். 1966-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் 86 நெபுலாக்கள் இருந்தன. அந்தத் தகடுகளை டிஜிட்டலாக்கி இணையத்தில் விட்டதும் பொழுதுபோக்காளர்கள் கையில் எடுத்தார்கள். டீப் ஸ்கை ஹன்டர்ஸ் என்ற குழு இப்படித்தான் பல புது நெபுலாக்களைக் கண்டுபிடித்தது. அதன் உறுப்பினரான ஆஸ்திரியாவின் மாத்தியாஸ் குரோன்பெர்கர் 2011 ஜனவரியில் கண்ட ஒன்று, கெப்ளர் விண்கலம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பகுதிக்குள்ளேயே இருந்தது. ஹவாயில் உள்ள எட்டு மீட்டர் ஜெமினி டெலஸ்கோப் அதைப் படமெடுத்தது. கால்பந்து மாதிரியே இருக்கும். பிரான்சில் பாஸ்கல் லெ டூ, வானியலாளர் ஆன்யெஸ் ஆக்கரோடு சேர்ந்து பொழுதுபோக்காளர்களின் கண்டுபிடிப்புகளுக்கென்றே ஒரு பட்டியல் நடத்திவருகிறார். ட்ரெக்ஸ்லரும் ஸ்ட்ராட்னரும் ஆண்ட்ரோமெடா வளைவுக்கு முன்பே இதே வேலையில் நிறையக் கண்டுபிடித்தவர்கள்.

வட்டம் தெரிந்துவிட்டது. இனி?

சரி, உங்கள் படத்தின் ஒரு மூலையில் மங்கலாக ஒரு வட்டமோ வளைவோ தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நான் பின்பற்றும் வரிசை இது. வரிசை முக்கியம். மலிவான சந்தேகங்களை முதலில் தீர்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் சொந்தக் கருவி மேல். பிரகாசமான நட்சத்திரம் பக்கத்தில் இருந்தால், அதன் ஒளி ஃபில்டருக்கும் சென்சாருக்கும் நடுவில் எதிரொளித்து அழகான வட்டங்களை உண்டாக்கும். குறிப்பாக ஓ-த்ரீ ஃபில்டர்கள் இதில் கெட்டிக்காரர்கள். இந்தப் பேய் வட்டங்கள் பெரும்பாலும் படத்தின் மையத்துக்கு நேர் எதிரே ஏதோ ஒரு நட்சத்திரத்தைக் காட்டிக் கொடுக்கும். டெலஸ்கோப்பைச் சற்று நகர்த்தியோ கேமராவை 90 டிகிரி திருப்பியோ எடுத்துப் பாருங்கள். வட்டம் நட்சத்திரங்களோடு ஒட்டியே இருந்தால் நல்லது. அது தனியாக நகர்ந்தால் கதை முடிந்தது.

இரண்டாவது சந்தேகம் மென்பொருள் மேல். நட்சத்திரங்களை நீக்கும் கருவிகளும் செயற்கை நுண்ணறிவு கொண்டு கூர்மையாக்கும் கருவிகளும் இல்லாத ஒன்றை வரைந்துவிடும். அதனால் எதுவும் செய்யாத, ஸ்டாக் செய்த மூலப் படத்துக்குத் திரும்ப வேண்டும். அதில் வெறுமனே வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். பிறகு மொத்த ஃபிரேம்களை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக ஸ்டாக் செய்யுங்கள். உண்மையான பொருள் என்றால் இரண்டு பாதியிலும், அதே இடத்தில், அதே உருவத்தில் இருக்கும். ஃபிளாட் சரியில்லாததால் வந்த தூசு வட்டம் மட்டும் இரண்டு பாதியிலும் இருக்கக்கூடும். அதை மேலே சொன்ன நகர்த்தும் சோதனைதான் காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவது, ஏற்கெனவே தெரிந்ததா? பிளேட் சால்விங் செய்து, அதாவது படத்தில் உள்ள நட்சத்திரங்களை வைத்து இடத்தைக் கணித்து, அந்தப் புள்ளியின் ஆயத்தொலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிம்பாட், விசியர், ஹாஷ் ஆகிய மூன்று தரவுத்தளங்களிலும் தேடுங்கள். எல்லாம் இலவசம். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை இங்கே பெயர் வந்துவிடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்கள் கருவி இவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு அத்தாட்சி அது.

நான்காவது, மற்றவர்கள் எடுத்த படத்தில் இருக்கிறதா? இங்கேதான் அலாதின் என்ற கருவியின் அருமை தெரியும். ஸ்ட்ராஸ்பர்க் வானியல் தரவு மையம் நடத்துகிறது. பிரவுசரிலேயே திறக்கும். அதே இடத்தைப் பழைய பாலோமர் தகட்டின் சிவப்பிலும் நீலத்திலும், பான்-ஸ்டார்ஸ் ஆய்வின் நிறத்திலும், வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்பிலும், கேலக்ஸ் விண்கலத்தின் புற ஊதாவிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். சாதாரண நிறங்களில் சுருளும் கையும் தெரிந்தால் அது தொலைதூரப் பேரடை. சாதாரண நீலத்தில் புகைபோலப் பரவி, ஓ-த்ரீயில் தனியாக எடுபடவில்லை என்றால், நட்சத்திர ஒளியைப் பிரதிபலிக்கும் தூசு மேகம். ஓ-த்ரீ படத்திலிருந்து சாதாரணப் படத்தின் பங்கைக் கழித்த பிறகும் அது மிஞ்சி நின்றால்தான் வாயு என்று நம்பலாம்.

ஐந்தாவது, நடுவில் யார்? கோள் நெபுலா என்றால் அதை ஒளிரவைக்கும் சூடான சின்ன நட்சத்திரம் எங்கோ இருக்க வேண்டும். வட்டத்தின் மையத்துக்கு அருகில், பான்-ஸ்டார்ஸ் படத்தில் சுற்றியுள்ளவற்றைவிட நீலமாக ஒரு நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். கேலக்ஸ் புற ஊதாவில் அது பளிச்சென்று தெரிந்தால் நம்பிக்கை கூடும். ஆனால் பால்வீதித் தளத்தின் பெரும்பகுதியை கேலக்ஸ் பார்க்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. தூசு அதிகமான இடத்தில் நீல நட்சத்திரமும் சிவந்து தெரியும். பழைய நெபுலாவில் அது மையத்திலிருந்து விலகியும் இருக்கும், வாயு ஒரு பக்கம் தடைபட்டு நின்றுவிட, நட்சத்திரம் மட்டும் முன்னேறிப் போயிருக்கும்.

ஆறாவது, அளவு. நட்சத்திரம் கிடைத்துவிட்டால் கையா விண்கலத்தின் பட்டியலில் அதன் தொலைவைப் பாருங்கள். தொலைவும் கோண அளவும் தெரிந்தால் உண்மையான அகலம் வந்துவிடும். ஒன்றோ சில ஒளியாண்டுகளோ என்றால் பொருத்தம். ஐம்பது என்று வந்தால் வேறு கதவைத் தட்ட வேண்டும்.

வேஷக்காரர்கள்

ஐம்பது என்று சும்மா சொல்லவில்லை. 2011-ல் பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா ஊட்டர்ஸ், செஃபியஸ் தொகுதியில் ஒரு பெரிய சிவப்பு நெபுலாவுக்குள் ஓ-த்ரீயில் மட்டும் தெரியும் கணவாய் மீன் வடிவம் ஒன்றைப் பிடித்தார். இரண்டு பக்கமும் நீண்ட அந்த உருவத்தைப் பார்த்ததும் கோள் நெபுலா என்றுதான் முதலில் கருதினார்கள். ரொமானோ கொராடி குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு, அது அந்தச் சிவப்பு நெபுலாவுக்குள்ளேயே இருக்கலாம், மையத்தில் உள்ள எச்ஆர் 8119 என்ற கனமான நட்சத்திரக் கூட்டம் வீசியெறிந்த வாயுவாக இருக்கலாம் என்று காட்டியது. அப்படியானால் நீளம் ஏறக்குறைய 50 ஒளியாண்டு. நெபுலா புதுசுதான், ரகம்தான் வேறு.

இதைவிடச் சுவையான கதை பிஏ 30. அமெரிக்கரான டேனா பேட்சிக், டீப் ஸ்கை ஹன்டர்ஸ் ஆள், 2013 ஆகஸ்டில் வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புப் படங்களைச் சலித்துக்கொண்டிருந்தபோது காசியோபியா தொகுதியில் ஒரு வட்டத்தைக் கண்டார். கோள் நெபுலாவாக இருக்கலாம் என்று பட்டியலில் ஏறியது. 2019-ல் ரஷ்ய வானியலாளர் குவராமாட்சேயின் குழு அதன் நடு நட்சத்திரத்தின் நிறமாலையை எடுத்தபோது ஹைட்ரஜனும் இல்லை, ஹீலியமும் இல்லை. மேற்பரப்பு வெப்பம் சுமார் இரண்டு லட்சம் டிகிரி. அதிலிருந்து வீசும் காற்று நொடிக்கு 16,000 கிலோமீட்டர். எந்தக் கோள் நெபுலாவிலும் இப்படி ஒரு நட்சத்திரம் கிடையாது. 2021-ல் பார்க்கர் இடம்பெற்ற குழு, அந்த வாயு நொடிக்குச் சுமார் 1,100 கிலோமீட்டர் வேகத்தில் விரிவதை அளந்து பின்னோக்கிக் கணக்கிட்டது. கணக்கு வந்து நின்ற இடம் 1181-ஆம் வருஷத்துக்குப் பக்கம்.

அந்த வருஷம் சீனாவிலும் ஜப்பானிலும் ‘விருந்தாளி நட்சத்திரம்’ ஒன்று 185 நாள் தெரிந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதன் மிச்சம் எங்கே என்று வெகுகாலமாக வானியலாளர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரம் முழுக்க அழியாமல் தப்பித்த அபூர்வ ரக சூப்பர்நோவா அது என்பது இன்றைய கருத்து. 2023-ல் ராபர்ட் ஃபெசன், பிராட்லி ஷேஃபர் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையில் இருந்த, கந்தக ஒளியை மட்டும் விடும் ஃபில்டரில் எடுத்த படத்தில் அது வாணவெடி போல இழை இழையாக வெடித்து நிற்பது தெரிந்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் மூன்றாமவர் டேனா பேட்சிக்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், அவர் ‘இருக்கலாம்’ என்று மட்டுமே சொன்னார் என்பது. அந்த ஒரு சொல்தான் அடுத்தவர்கள் வந்து பார்க்க இடம் கொடுத்தது. கோள் நெபுலா மாதிரி வேஷம் போடும் பொருள்கள் ஏராளம். பிறக்கும் நட்சத்திரங்களைச் சுற்றிய ஹைட்ரஜன் மேகம், சூப்பர்நோவா எச்சம், வோல்ஃப்-ராயே நட்சத்திரம் ஊதிய கூடு, எதேச்சையாக ஒரு சூடான நட்சத்திரம் கடந்துபோனதால் ஒளிரும் வாயு என்று நீளும். 2010-ல் டேவிட் ஃப்ரூவும் பார்க்கரும் இந்த வேஷங்களைப் பிரித்தறிவது பற்றியே நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

கடைசித் தீர்ப்பு நிறமாலையில்

படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தீர்ப்புச் சொல்வது நிறமாலைதான். 500.7-இல் உள்ள கோடு 495.9-ஐப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்க வேண்டும். இது இயற்கையின் விதி. அப்படி வரவில்லை என்றால் உங்கள் அளவீட்டில்தான் கோளாறு. 500.7 கோடு பக்கத்தில் உள்ள ஹைட்ரஜன் பீட்டாவைவிடப் பல மடங்கு வலுவாக இருந்தால், ஒளிரவைக்கும் நட்சத்திரம் மிகச் சூடானது என்று பொருள். ஹைட்ரஜன் ஆல்ஃபாவோடு ஒப்பிடும்போது கந்தகக் கோடுகள் வலுவாக இருந்தால் அதிர்ச்சி அலை, அதாவது சூப்பர்நோவா எச்சமோ என்று சந்தேகிக்க வேண்டும். ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் இருபுறமும் நைட்ரஜன் கோடுகள் இருக்கின்றன. ஏழு நானோமீட்டர் ஃபில்டர் போட்டு ‘ஹைட்ரஜன் பிரமாதமாக வந்திருக்கிறது’ என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு நைட்ரஜனாகவும் இருக்கும்.

இந்த வேலையும் இப்போது பொழுதுபோக்காளர்கள் கைக்கு வந்துவிட்டது. லெ டூ, ஒலிவியே கார்ட், லியோனெல் முலாட்டோ, ஸ்டெஃபான் ஷார்போனல், தோமா பெட்டி ஆகிய பிரெஞ்சு நண்பர்கள் சேர்ந்து, சிலியில் ஒரு டெலஸ்கோப்பை நிறுத்தி, வீட்டிலிருந்தபடியே இயக்கி நிறமாலை எடுக்கிறார்கள். டூஸ்பாட் என்று பெயர். பொழுதுபோக்காளர்கள் கண்டவற்றைப் பொழுதுபோக்காளர்களே நிறமாலையால் உறுதி செய்து, தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து 2022-ல் அஸ்ட்ரானமி அண்ட் அஸ்ட்ரோஃபிசிக்ஸ் ஆய்விதழில் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஹாஷ் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘உறுதி’, ‘பெரும்பாலும்’, ‘இருக்கலாம்’ என்று மூன்று படிகள். நல்ல நிறமாலை இல்லாமல் முதல் படிக்குப் போவது கடினம்.

நம் ஊரிலிருந்து

ஊர் வெளிச்சம், மழைக்காலம், ஈரக்காற்று என்று நாம் புலம்ப நிறைய உண்டு. ஆனால் ஒரு வரம் இருக்கிறது. பால்வீதியின் மையம் பாரிஸில் உச்சத்துக்கு வரும்போதுகூட அடிவானத்துக்கு மேல் 12 டிகிரிதான். சென்னையில் அது 48 டிகிரி. ஸ்கார்ப்பியஸ், சாஜிட்டேரியஸ் எல்லாம் நமக்குத் தலைக்கு மேல் இல்லாவிட்டாலும் வசதியான உயரத்தில் வரும். ஐரோப்பியப் பொழுதுபோக்காளர்களில் பெரும்பாலோர் தங்கள் ஊரிலிருந்து பார்க்கவே முடியாத கரைனா, நோர்மா பகுதிகளும் தெற்கில் எழுகின்றன. அவர்கள் இதற்காகத்தான் சிலிக்குப் போகிறார்கள்.

கறுப்பு-வெள்ளைக் கேமராவும் மூன்று நானோமீட்டர் ஃபில்டரும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. கலர் கேமராவில் இரட்டைப் பட்டை ஃபில்டர் போட்டால் ஹைட்ரஜன் சிவப்புப் பிக்சலில் விழும். ஓ-த்ரீ பச்சையிலும் நீலத்திலும் விழும். சிரில் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் பிரித்துக் கொடுக்கும். ஓ-த்ரீயை மட்டும் தனிப் படமாக எடுத்து, நட்சத்திரங்களை மறந்து, பின்னணியை மட்டும் உற்றுப் பாருங்கள். எடுத்த பொருள் நடுவில் இருக்கும்; தேட வேண்டியது ஓரங்களில். நாம் கத்தரித்து எறிகிற ஓரங்களில்.

அதுவும் இல்லையா? அலாதினும் ஒரு கணினியும் போதும். ஏபல் தகடுகளோடு செய்ததை நீங்கள் சாப்பாட்டு மேஜையில் செய்யலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஏதாவது தென்பட்டால், ‘நான் புது நெபுலா கண்டுபிடித்தேன்’ என்று அன்று இரவே ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். மேலே சொன்ன ஆறு படிகளையும் தாண்டுங்கள். வேறொரு ஊரில், வேறு டெலஸ்கோப், வேறு கேமரா வைத்திருக்கும் நண்பரிடம் ஆயத்தொலைகளை மட்டும் கொடுத்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்ட்ரோமெடா வளைவைக் கண்டவர்களும் வெளியிடுவதற்கு முன் மற்றவர்களின் கருவிகளில் அதை உறுதி செய்துகொண்டார்கள். அதன்பிறகும் நின்றால், மூலப் படத்தோடும் தேதியோடும் லெ டூவின் பிரெஞ்சுப் பட்டியலுக்கோ ஹாஷ் குழுவுக்கோ எழுதுங்கள். ஏற்றுக்கொண்டால் உங்கள் பெயரின் முதல் எழுத்துகளோடு ஒரு எண் சேர்ந்து பட்டியலில் நிற்கும். பணம் வராது.

மூல ஃபிரேம்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் இன்னொன்று வாங்குங்கள். இந்த வார இறுதியில் பழைய ஓ-த்ரீ படம் ஒன்றையாவது திறந்து, நான்கு ஓரங்களையும் பாருங்கள். பெயர் தெரியாத வட்டம் ஏதாவது கிடைத்தால் பின்னூட்டத்தில் ஆயத்தொலைகளை எழுதுங்கள், சேர்ந்து சரிபார்ப்போம்.